கோழி மக்ரோனியும் கேழ்வரகுக் கூழும்

மனையியல் வகுப்பில் பால் சாஸ் ஊற்றி ஓவனில் சுட்ட கோழி மக்ரோனியைச் செய்து காட்டும் நாளன்று, கடைசி பெஞ்சு மாணவியரும் முன்வரிசைக்கு வந்து விடுவார்கள். வகுப்பு முடிந்த பிறகு சிலர் மட்டும் தயங்கி நின்று, "மிஸ், எங்க வீட்ல ஓவன் இல்லையே, என்ன பண்றது?" என்று கேட்பது உண்டு. இக்கட்டுரை முக்கியமாக அவர்களுக்காகவே எழுதப்படுகிறது. நானும் இதை ஓவன் இல்லாத ஓர் அம்பத்தூர் வீட்டில்தான் கற்றுக் கொண்டேன். கற்றதில் பாதி, தவறு செய்து கற்றது.

பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். கேசரோல் என்ற பிரெஞ்சுச் சொல் முதலில் பாத்திரத்தைத்தான் குறித்தது. பிறகு அந்தப் பாத்திரத்தில் வேகும் பண்டத்துக்கே பெயராகி விட்டது. மக்ரோனியும் நமக்கு அந்நியமன்று. ரவையைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, துளையுள்ள அச்சின் வழியே பிழிந்து, உலர்த்தினால் மக்ரோனி. நம் முறுக்கு நாழியும் இடியாப்ப அச்சும் செய்கிற வேலை அதுவேதான். அச்சுத் துளையின் நடுவில் ஒரு சிறு ஊசி நிற்பதால் மக்ரோனியின் நடுவில் ஓட்டை விழுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. டூரம் என்னும் கடினமான கோதுமையின் ரவையில் புரதம் மிகுதி. ஆகவே அதில் செய்த மக்ரோனி கொதிநீரில் கரையாமல் உருவம் காக்கிறது. 1950இல் மைசூரில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் மரவள்ளி மாவும் நிலக்கடலை மாவும் கோதுமை ரவையும் கலந்துகூட ஒரு மக்ரோனி செய்து பார்த்திருக்கிறார்கள். அரிசிப் பஞ்சம் தலைகாட்டிய காலத்தில் அது ஒரு நல்ல யோசனை. ஆனால் அரிசிக்குப் பழகிய நாக்கு அவ்வளவு எளிதில் மாறுமா?

இனி அளவுகளுக்கு வருவோம். ஆறு பேர் இரவுச் சாப்பாட்டுக்கு 250 கிராம் மக்ரோனியும் எலும்போடு 750 கிராம் கோழிக்கறியும் போதும். 50 கிராம் வெண்ணெய், 50 கிராம் மைதா (தலைதட்டி ஆறு மேசைக்கரண்டி), அரை லிட்டர் பால், 100 கிராம் சீஸ், ஒரு பெரிய வெங்காயம், ஒரு குடைமிளகாய், நான்கு பல் பூண்டு, மிளகுத்தூள், உப்பு, இரண்டு துண்டு பழைய ரொட்டி. தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே 750 கிராம் கோழியைக் குழம்பாக வைத்தால் ஆறு பேருக்குத் தலைக்கு இரண்டு துண்டுகூடச் சரியாக வராது. யாருக்குத் தொடை, யாருக்குக் கழுத்து என்ற பேச்சும் எழும். இதில் கறியை உதிர்த்துப் போடுவதால் எல்லார் தட்டிலும் ஒரே அளவு விழும். எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகள். இது சின்ன விஷயமன்று.

முதலில் கோழி. ஒரு லிட்டர் தண்ணீரில் பாதி வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி, சில மிளகு, உப்பு சேர்த்து மெல்லிய தீயில் வேக விடுங்கள். பிராய்லர் கோழியாக இருந்தால் 25 முதல் 30 நிமிடம். நாட்டுக் கோழியாக இருந்தால் கறி எலும்பை விட்டுக் கழன்று வரும் வரை. கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால்தான் அதிலுள்ள நோய்க் கிருமிகள் அழியும். வெப்பமானி இல்லாதவர்கள் தொடையின் பருத்த பகுதியில் எலும்பை ஒட்டிக் கத்தியால் குத்திப் பாருங்கள். வழியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும், கறியில் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. பச்சைக்கறி வெட்டிய பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் குடைமிளகாயைத் தொடவே தொடாதீர்கள். வெந்த கறியை உதிர்த்துக் கொண்டு, கோழி வெந்த நீரை வடிகட்டி ஒரு தம்ளர், அதாவது 250 மில்லி, எடுத்து வையுங்கள். மிச்ச நீர் அன்றைய ரசத்துக்கு ஆகும்.

மக்ரோனியை இரண்டரை லிட்டர் கொதிநீரில் உப்புப் போட்டு, பாக்கெட்டில் சொல்லியிருப்பதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னதாகவே வடித்து விடுங்கள். கடித்தால் நடுவில் சற்று விறைப்பு தெரிய வேண்டும். மீதி வேக்காட்டைச் சாஸ் பார்த்துக் கொள்ளும்.

இப்போது சாஸ். பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

1986ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான் முதன்முதலாக வெள்ளைச் சாஸ் செய்தேன். அடுத்த தெருவில் இருந்த ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி சொன்னதைப் பாதி கேட்டு, மீதியை நானே கற்பனை செய்து கொண்டு, கொதிக்கும் பாலில் மைதாவை அப்படியே கொட்டினேன். அடுத்த நிமிடம் பால் முழுவதும் சுண்டைக்காய் அளவில் கட்டிகள். கரண்டியால் நசுக்கினால் உள்ளே வறண்ட மாவு. அழுகை வந்து விட்டது. திண்ணையில் இருந்த எங்கள் ஆயா எழுந்து வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். திருமழிசைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர்.

"ஏண்டி, கேவுரு மாவக் கொதிக்கிற தண்ணில கொட்டுவியா? கரைச்சி வுட்டாத்தானே கூழு?" என்றார். பிறகு மாவு சலிக்கும் சல்லடையைக் கழுவிக் கொண்டு வரச் சொல்லி, சாஸை அதில் ஊற்றி, கரண்டியின் முதுகால் தேய்த்து வடித்துக் கொடுத்தார். அன்றைய சாப்பாடு பிழைத்தது.

ஆயா சொன்ன காரணம் பிற்பாடு நான் கல்லூரியில் படித்த பாடமேதான். மாவில் இருப்பது மிக நுண்ணிய மாவுச்சத்து மணிகள். ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் அவை நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கி, கொதிநிலையை நெருங்கும்போது முற்றும் குழைந்து, திரவத்தைக் கெட்டியாக்குகின்றன. வறண்ட மாவைக் கொதிநீரில் கொட்டினால் குவியலின் மேற்புறத்து மணிகள் உடனே வீங்கி ஒட்டிக் கொண்டு ஒரு தோலாகி விடுகின்றன; உள்ளே நீர் புக வழியில்லை. அதுதான் கட்டி. மணிகளை முன்கூட்டியே ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்க வேண்டும். நம் பாட்டிமார் குளிர்ந்த நீரில் கரைத்துப் பிரித்தார்கள். பிரெஞ்சுச் சமையற்காரர்கள் வெண்ணெயில் வறுத்துப் பிரித்தார்கள். ஒவ்வொரு மணி மீதும் கொழுப்பு பூசிக் கொள்வதால் அவை ஒட்டுவதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சாஸுக்கு பெஷமெல் என்று பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனை அலுவலர் ஒருவரின் பெயரை இட்டிருக்கிறார்கள். கூழுக்கு யார் பெயரையும் யாரும் இடவில்லை.

ஆகவே செய்முறை இது. அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, மைதாவைச் சேர்த்து, சிறு தீயில் நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வறுக்கவும். அடுப்பிலிருந்து இறக்கி, காய்ச்சி வெதுவெதுப்பாக இருக்கும் பாலை முதலில் ஒரு கரண்டி, பிறகு ஒரு கரண்டி என்று விட்டுக் குழைக்கவும். களியாகி, தளர்ந்து, பின் குழம்பாகும். அதன் பிறகே மீதிப் பாலையும் எடுத்து வைத்த கோழி நீரையும் ஊற்றி, மீண்டும் அடுப்பேற்றி, கை விடாமல் கிளறவும். கொதி வந்த பிறகு மூன்று நான்கு நிமிடம் விட்டால்தான் பச்சை மாவு வாடை போகும். கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். சூட்டில் இருக்கும்போது மக்ரோனி இன்னும் குடிக்கும். கெட்டிச் சாஸ் ஊற்றினால் கடைசியில் தட்டில் விழுவது கட்டிடச் சாந்துதான். சீஸில் பாதியைத் துருவி, அடுப்பை அணைத்த பிறகே சேர்க்கவும். கொதியில் போட்டால் நூலாக இழுத்து எண்ணெய் பிரியும்.

வெங்காயம், பூண்டு, குடைமிளகாயைச் சிறிது எண்ணெயில் வதக்கி, கறி, மக்ரோனி, சாஸ் எல்லாவற்றையும் கலந்து, வெண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, மீதிச் சீஸையும் உதிர்த்த ரொட்டித் தூளையும் மேலே தூவுங்கள். ஓவன் உள்ளவர்கள் 180 டிகிரியில் 25 நிமிடம் வைத்தால் போதும்.

இல்லாதவர்களுக்கு வழி உண்டு. பழைய அலுமினிய அண்டா அல்லது கனத்த வாணலியின் அடியில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி, மேலே ஒரு வளையமோ சிறு முக்காலியோ வைத்து, மூடிப் பதினைந்து நிமிடம் காய விடுங்கள். பிறகு தட்டை உள்ளே இறக்கி, மூடி, நடுத்தரத் தீயில் 35 நிமிடம். பிரஷர் குக்கரைப் பயன்படுத்தினால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றி விட வேண்டும். மணல் அடுப்பில் ஒரே குறை, மேலிருந்து சூடு இறங்காது, மேற்புறம் சிவக்காது. அக்காலத்தில் மூடி மேல் தணலை வாரிப் போட்டார்கள். இப்போது தணலுக்கு எங்கே போவது? ரொட்டித் தூளை முன்னதாகவே ஒரு கரண்டி வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்துக் கொண்டு தூவுங்கள். நிறமும் மொறுமொறுப்பும் கிடைத்து விடும். விருந்தாளிக்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் சொல்லாமல் விட்டால் பாடம் முழுமையாகாது.

எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் 1964இல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும், மீதிப் பேர் 1961இல் ஏற்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கும் வேலைக்குச் சென்றவர்கள். ஆகையால் எந்த வீட்டிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது அரிது. அப்பா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் வேலை பார்த்தார். 1987 மே மாதம், கத்திரி வெயில் நாள். மாலை ஏழு மணிக்கு மக்ரோனி தயாரானது. பிள்ளைகள் நால்வரும், அம்மாவும், ஆயாவும் ஏழரைக்கே சுடச்சுடச் சாப்பிட்டோம். இரண்டாம் ஷிப்டில் இருந்த அப்பாவுக்கு ஒரு தட்டு நிறைய எடுத்து, ஈ மொய்க்காமல் வலைக்கூடை கவிழ்த்து மேசையில் வைத்தேன். அப்போது எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. அவர் பதினொன்றரைக்கு வந்து, மகள் செய்தது என்று ஆசையாக முழுவதும் சாப்பிட்டார். விடிவதற்குள் வாந்தியும் பேதியும். இரண்டு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. இரண்டு நாள் கூலியும் போயிற்று. எங்கள் ஆறு பேருக்கும் ஒன்றும் இல்லை. அப்பா கடைசி வரை, "வெயில்தாம்மா காரணம்" என்றே சொன்னார். எனக்கு வேறு தோன்றியது.

பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு நுண்ணுயிர் உண்டு. அதன் வித்துகள் கொதிக்கும் சூட்டிலும் சாகாமல் கிடக்கும். வெந்த சோறு, மக்ரோனி, மாவுச் சாஸ் போன்றவை வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகும். அது சுரக்கும் நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே "சாப்பிடும்போது சுட வைத்துக் கொண்டால் போயிற்று" என்பது இங்கே செல்லாது. சமைத்த பண்டத்தை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் காயும் நாளில் ஒரு மணி நேரமே கணக்கு. சென்னையில் மே மாதத்து இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயா மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார். அது புளித்து, அந்தப் புளிப்பே பல கிருமிகளைத் தடுத்தது. பால் சாஸுக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

தாமதமாக வருபவரின் பங்கை ஆழமில்லாத தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விடுங்கள். குவியலாக வைத்தால் நடுப்பகுதி ஆற வெகு நேரமாகும். எடுக்கும்போது இரண்டு கரண்டி பால் தெளித்து, நடுவிலும் ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள். பெட்டி இல்லாத வீட்டில், அந்த வாரம் இதைச் செய்யவே வேண்டாம்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். அப்பாவுக்கு முதல் ஷிப்ட் வரும் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று கோழி மக்ரோனி ஒதுக்கப்பட்டது. ஓரத்துக் காந்தலுக்குத் தம்பிகள் இருவரும் கரண்டியோடு போட்டியிடுவார்கள். பல் இல்லாத ஆயாவுக்கு நடுப்பாகம். முதல் வாய் போட்டுக் கொண்டு, "கூழு நல்லாத்தான் கீது" என்பார். அப்பாவுக்கும் ஏழரை மணிக்கே தட்டு வைத்து விடுவோம்.