மசக்கையா, மருந்து நச்சா? கருவுற்ற முதல் வாரங்களில் உழவர் இல்லங்கள் கவனிக்க வேண்டியவை

பருத்திக்குப் பூச்சி மருந்து தெளித்த அன்று மாலை வீட்டுப் பெண்ணுக்குத் தலை சுற்றுகிறது, வாந்தியும் வருகிறது. "மருந்து நெடி ஒத்துக்கொள்ளவில்லை, மோர் குடித்துப் படுத்தால் சரியாகிவிடும்" என்கிறார் கணவர். "நாள் தள்ளியிருக்கிறது, மசக்கையாக இருக்கும்" என்கிறார் மாமியார். இரண்டில் எதுவும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் ஒருசேர உண்மையாகவும் இருக்கலாம். அதுவே கவலைக்குரியது.

மகப்பேறு பற்றிய ஆலோசனையை மருத்துவரிடமே பெற வேண்டும். ஆனால் பூச்சிக்கொல்லியைக் கையாளும் முறையைச் சொல்லித் தருவது வேளாண் ஆசிரியர்களின் பொறுப்பு. அதனால் கருவுற்ற முதல் வாரங்களில் என்ன நிகழ்கிறது, அப்போது வயலிலும் வீட்டிலும் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை இங்குக் காண்போம்.

நாட்கணக்கு

நடவு நெல்லின் வயதை நட்ட நாளிலிருந்து நாம் கணக்கிடுவதில்லை. நாற்றங்காலில் விதைத்த நாளிலிருந்தே கணக்கிடுகிறோம். கர்ப்பத்தின் கணக்கும் அவ்வாறே. கடைசி மாதவிலக்கின் முதல் நாளே கணக்கின் தொடக்கம். அதிலிருந்து 40 வாரம், அதாவது 280 நாள். அந்தத் தேதியுடன் 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் பேறுகாலம் தோராயமாகத் தெரியும். ஜூன் 1 என்றால் மார்ச் 8. உண்மையில் கரு உண்டாவது இக்கணக்கின் 2-ஆம் வார முடிவையொட்டித்தான்.

4-ஆம் வார முடிவில் மாதவிலக்கு தள்ளிப்போகிறது. அதற்குள் கரு கருப்பையின் சுவரில் பதிந்து வளரத் தொடங்கியிருக்கும். 6-ஆம் வாரத்தில் மூளையும் தண்டுவடமும் ஆக வேண்டிய நரம்புக் குழாய் மூடிக்கொள்கிறது. இதயமும் துடிக்கத் தொடங்குகிறது. 10-ஆம் வாரம் முடிவதற்குள் முக்கிய உறுப்புகள் அனைத்திற்கும் அடித்தளம் அமைந்துவிடுகிறது.

களைக்கு முதல் 30 நாள் எப்படியோ, கருவுக்கு இந்த வாரங்கள் அப்படி. தொடக்கத்தில் களையை விட்டுவிட்ட வயலுக்குப் பின்னர் எத்தனை மூட்டை உரமிட்டாலும் இழந்த மகசூல் திரும்பாது. "இன்னும் ஒரு மாதம் போகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருந்தால், நரம்புக் குழாய் மூடும் நாள் அதற்குள் கடந்துவிடும். ஆகவே நாள் தள்ளிய சில நாட்களிலேயே கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

எதிர்பார்க்க வேண்டிய அறிகுறிகள்

மார்பகம் கனத்து வலித்தல், காரணமில்லாத அசதி, அடிக்கடி சிறுநீர் கழித்தல், தாளிக்கும் வாசனைகூடப் பிடிக்காமை ஆகியவை இயல்பானவை. மசக்கை பெரும்பாலும் 6-ஆம் வாரத்தையொட்டித் தொடங்கி, 9-ஆம் வார அளவில் மிகுந்து, 4-ஆம் மாதத்தில் தணியும். சிலருக்கு மசக்கையே இராது. அது குறையன்று.

காலையில் எழுந்ததும் பொரி, அவல், வறுத்த கடலை போன்ற உலர்ந்த உணவைச் சிறிது உண்டபின் மெல்ல எழுவது நல்லது. மூன்று வேளை உணவை ஐந்தாறு வேளையாகப் பிரித்து உண்ணலாம். குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தியாகி, சிறுநீர் குறைந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மசக்கையையும் நச்சையும் பிரித்தறிதல்

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளின் நச்சும் குமட்டல், வாந்தி, தலைசுற்றல், வாயில் நீர் ஊறுதல் என்றே தொடங்கும். ஆனால் மசக்கை நாள்தோறும் வந்து போவது. நச்சு, மருந்தைக் கையாண்ட சில மணி நேரத்தில் வருவது. அத்துடன் வியர்வை பெருகுதல், கண்ணில் நீர் வடிதல், பார்வை மங்குதல், கண்மணி சுருங்குதல், வயிற்றுப்போக்கு, தசை துடித்தல், மூச்சு முட்டுதல் ஆகியவற்றில் சிலவும் சேரும்.

ஐயம் எழுந்தாலே மசக்கை என்று இருந்துவிடக் கூடாது. மருந்து பட்ட உடையைக் களைந்து, உடலைச் சோப்பு நீரால் கழுவி, 108-ஐ அழைக்க வேண்டும். மருந்து டப்பாவின் லேபிளை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். "நாள் தள்ளியிருக்கிறது" என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

உழவர் செய்ய வேண்டியவை

1. கருவுற்ற பெண்ணும், குழந்தையை எதிர்பார்த்திருக்கும் பெண்ணும் மருந்து கலக்கவோ தெளிக்கவோ கூடாது. தெளிப்பவருக்குத் தண்ணீர் சுமக்கவும் கூடாது. லேபிளில் பச்சைக் குறி இருந்தாலும் இதுவே விதி.

2. தெளித்த வயலில் களையெடுக்கவோ பருத்தி எடுக்கவோ அவர்களை உடனே அனுப்பக் கூடாது. லேபிளில் கண்ட இடைவெளி கழிய வேண்டும்.

3. தெளித்தவரின் உடையைத் தெளித்தவரே தனியாகத் துவைக்க வேண்டும். வீட்டுத் துணிகளுடன் கலக்கக் கூடாது. வயலுக்கே போகாத பெண்ணையும் நச்சு சென்றடையும் வழி இது.

4. பூஞ்சாணக் கொல்லி கொண்டு செய்யும் விதை நேர்த்தியைப் பெண்கள் வெறுங்கையால் செய்யும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இதை விட்டொழிக்க வேண்டும். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கொண்டு நேர்த்தி செய்வது மாற்று வழியாகும்.

5. பூச்சி மருந்தையும் தானியத்திற்கு இடும் நச்சு மாத்திரைகளையும் குடியிருக்கும் அறையில் வைக்கக் கூடாது.

நலமாயிருக்கும் பெண் வழக்கமான வீட்டு வேலைகளையும் இலேசான வயல் வேலைகளையும் செய்யலாம். கனத்த சுமை தூக்குவதையும், உச்சி வெயிலில் நெடுநேரம் நிற்பதையும் தவிர்க்க வேண்டும்.

மாத்திரையும் பதிவும்

நரம்புக் குழாய் குறைபாட்டின் வாய்ப்பைக் குறைப்பது போலிக் அமிலம். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் மாத்திரையைக் கருவுறுவதற்கு முன்பே தொடங்கி முதல் 3 மாதமும் உண்ண வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை 4-ஆம் மாதம் முதல் தொடரும். அதைத் தேநீருடன் விழுங்கக் கூடாது. வீட்டுக் கொல்லையில் விளையும் கீரையும், பயறும் அன்றாட உணவில் இடம்பெறட்டும். தலைவலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி உண்பதும், வெற்றிலையுடன் புகையிலை போடுவதும் கூடாது.

12 வாரத்திற்குள் செவிலியரிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இப்பதிவு தேவை.

இரத்தப்போக்கு, அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம், காய்ச்சல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒருபக்கமாக வரும் வலி, கரு கருப்பைக்கு வெளியே தங்கியதால் இருக்கலாம். அது உயிருக்கே ஆபத்தானது.

மருந்து தெளிக்கும் நாளைக் குறித்து வைக்கும் உழவர், அதே நாட்காட்டியில் மனைவியின் நாளையும் குறித்து வைக்கலாம். நாள் தள்ளியது தெரிந்த அன்றே தெளிப்பானையும் மருந்து டப்பாவையும் அவர் கைக்கு எட்டாத இடத்திற்கு மாற்றிவிட வேண்டும். செலவில்லாத இந்தக் காரியம் தாய்க்கும் சேய்க்கும் நல்ல காவலாகும்.