எல்லைக் கிராமங்களில் வீடே முதற் பள்ளி

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியே சீரமைக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வட்டத்துப் பாறசாலையை அடுத்துத் தமிழகத்தின் களியக்காவிளை தொடங்குகிறது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி, வீட்டு மொழியைப் பிரிக்கவில்லை.

எனவே, வீட்டில் தமிழும் அங்கன்வாடியில் மலையாளமும் கேட்டு வளரும் குழந்தைகள் இங்கு உண்டு. புதிய மொழியின் நடுவே அமரும் மூன்று வயதுக் குழந்தை சில காலம் பேசாதிருக்கக்கூடும். அம்மௌனத்தை அறிவுக்குறை எனக் கொள்வது தவறு. அதற்கு அஞ்சித் தாய் தன் மொழியைக் கைவிடுவது அதனினும் பெருந்தவறு. வீட்டு மொழியில் தெளிவுபெற்ற கருத்தே இரண்டாம் மொழிக்கும் அடித்தளமாகும்.

செலவில்லாப் பயிற்சிகள்

வகைப்படுத்தல்: சிரட்டைகளை அளவு வாரியாக அடுக்கச் செய்யலாம். சிரட்டை, ஓலை, மரச்சீனி முதலியன இரு மொழிக்கும் பொதுச் சொற்கள்; வீட்டில் கற்றவை அங்கன்வாடியிலும் பயன்படும்.

எண்ணுதல்: வீட்டில் ‘ஒண்ணு, ரெண்டு’ எனப் பயிலும் குழந்தைக்கு மலையாளத்தின் ‘ஒன்னு, ரண்டு’ அந்நியமன்று. உண்ணும் தட்டுகளை எண்ணி வைக்கச் சொல்வதே போதிய பாடம்.

அளத்தல்: அகன்ற பாத்திரத்து நீரைக் குறுகிய குவளையில் ஊற்றினால் நீர் கூடிவிட்டதென்று இவ்வயதினர் கருதுவர். இதனைப் பியாஜே என்னும் உளவியலறிஞர் விளக்கியுள்ளார். திருத்த முனையாமல், மீண்டும் ஊற்றிப் பார்க்க விடுதலே நன்று.

கைத்திறன்: மணலில் கோடிழுத்தல், ஓலைக்கீற்றைப் பின்னுதல் ஆகியவை எழுதுமுன் விரல்களைப் பழக்குகின்றன.

உரையாடல்: சமைக்கும்போதே ‘அடுத்து என்ன செய்வோம்?’ எனக் கேட்டு, குழந்தையின் விடைக்குக் காத்திருத்தல் வேண்டும்.

விதைகளைக் கொண்டு விளையாடுகையில் பெரியவர் உடனிருத்தல் அவசியம். குன்றிமணி நச்சுத்தன்மை உடையது. அதனை அறவே விலக்குக.

நிர்வாகத்தின் பங்கு

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. முன்பருவக் கல்வி அதன் பணிகளுள் ஒன்று. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதியளிக்க வலியுறுத்தும் அரசியலமைப்பின் 350அ பிரிவு தொடக்கக் கல்வியையே குறிக்கிறது; பாலர் பருவத்தை அது தொடவில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வீட்டு மொழிக்கு முதன்மை அளித்தது. அதே ஆண்டில், பெருந்தொற்றால் அங்கன்வாடிகள் மூடப்பட்டபோது, கேரள அரசு ‘கிளிக்கொஞ்சல்’ என்னும் நிகழ்ச்சியை விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே மலையாளத்தில் வழங்கியது. தமிழ் பேசும் வீடுகளில் அதனைக் குழந்தைக்கு விளக்கிச் சொல்லப் பெற்றோரே துணை.

ஆதலின், எல்லைப்புற அங்கன்வாடிப் பணியாளர்கள் அன்றாடத் தமிழ்ச் சொற்கள் சிலவற்றை அறிந்திருத்தலும், தாய்மார் கூட்டங்களில் மேற்கண்ட பயிற்சிகளைச் செய்து காட்டுதலும் விரும்பத்தக்கன. இவற்றிற்குப் பெரும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. தன் மொழி குழந்தைக்குத் தடையன்று என்னும் உறுதியைத் தாய்க்கு அளித்தலே முதல் தேவை.