ஓடும் கப்பலுக்கு ஓடிக்கொண்டே எண்ணெய்

ஒன்பதாம் வகுப்பில் ‘இயக்கம்’ பாடம் நடத்தும்போது, “ஓய்வும் இயக்கமும் சார்பானவை” என்று மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பொருள் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இந்த ஆண்டு ஒரு கப்பலிலிருந்து பாடத்தைத் தொடங்கினேன்.

அறிமுகம்

ஜெர்மனியின் பிரேமன் நகரில் கட்டப்பட்ட ஐ.என்.எஸ். சக்தி 1975 இறுதியில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. போர்க்கப்பல்களுக்கு நடுக்கடலில் எரிபொருள், குடிநீர், உணவு வழங்குவதே அதன் பணி. “சார், கப்பலை நிறுத்தித்தானே எண்ணெய் ஊற்றுவாங்க?” என்றான் ஒரு மாணவன். நான் எதிர்பார்த்த கேள்வி அதுதான்.

விளக்கம்

நின்ற கப்பலில் சுக்கான் வேலை செய்யாது. அலை தள்ளிய பக்கமெல்லாம் போகும். எனவே இரு கப்பல்களும் சில பத்து மீட்டர் இடைவெளியில், ஒரே திசையில், ஒரே வேகத்தில் செல்லும். முதலில் மெல்லிய கயிறு, அதைப் பிடித்துத் தடித்த வடம், பிறகு எண்ணெய்க் குழாய் என அடுத்தடுத்து கடக்கும். இடைப்பட்ட நீர் வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறையும். கப்பல்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபடும். சுக்கான் பிடிப்பவர் நொடியும் கண் அயர முடியாது.

செயல்பாடு

இரு மாணவர்கள் மைதானத்தில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தபடி ஒருவர் செம்பிலிருந்து மற்றவர் டம்ளரில் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேகம் ஒத்துப்போனால் சிந்தாது. “நின்னுக்கிட்டு ஊத்துற மாதிரியே இருக்கு சார்!” என்றாள் ஒரு மாணவி. ஓராண்டாகச் சொல்லியும் புரியாத வரி அங்கே புரிந்தது. அடுத்து இரு காகிதங்களைத் தொங்கவிட்டு நடுவே ஊதச் செய்யுங்கள், அவை நெருங்கும்.

மதிப்பீடு

1. இரு கப்பல்களும் 12 நாட் வேகத்தில் சென்றால், ஒன்றைப் பொறுத்து மற்றதன் வேகம் என்ன?
2. ஒன்றின் வேகம் 1 நாட் கூடினால், ஒரு நிமிடத்தில் எவ்வளவு முந்தும்? (1 நாட் = மணிக்கு 1.852 கி.மீ.)

இரண்டாவதன் விடை ஏறத்தாழ 31 மீட்டர். அதற்குள் குழாய் என்னவாகும் என்பதை மாணவர்களே சொல்லட்டும்.

நிறைவாக

2006இல் லெபனானில் போர் மூண்டபோது, மத்தியதரைக் கடலிலிருந்து தாயகம் திரும்பிக்கொண்டிருந்த மும்பை, பிரம்மபுத்ரா, பேத்வா ஆகிய போர்க்கப்பல்கள் திருப்பி அனுப்பப்பட்டன. உடன் சென்றது சக்தி. இந்தியர்களோடு இலங்கை, நேபாள நாட்டவரும் சேர்த்து சுமார் 2,280 பேர் பெய்ரூட்டிலிருந்து சைப்ரஸுக்கு மீட்கப்பட்டனர். அடுத்த ஆண்டே சக்தி ஓய்வு பெற்றது. 2011இல் அதே பெயரில் புதிய கப்பல் வந்தது. பீரங்கிக் கப்பல்களை மட்டும் வரைந்துவந்த என் மாணவர்கள், இம்முறை எண்ணெய்க் கப்பலையும் குழாயோடு சேர்த்து வரைந்தார்கள்.