வித்து பிள்ளைக்குச் சொல்லட்டும்

"வித்து முளைப்பதற்கு நீர், வளி, தகுந்த வெப்பம் ஆகியன தேவை." ஆரம்ப வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் கேட்டால் இவ்வசனத்தைத் தடங்கலின்றி ஒப்புவிக்கும். "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "ரீச்சர் சொன்னவ" என்றோ, "புத்தகத்தில் கிடக்குது" என்றோதான் பதில் வரும்.

பெற்றோரே, ஆசிரியரே, இது சிறிய விடயமன்று. கண்ணால் காணாததை ஒப்புவிக்கும் பழக்கம் சிறுவயதில் ஊறிவிட்டால், வளர்ந்த பின்னரும் யார் எதைச் சொன்னாலும் ஆராயாது ஏற்கும் மனமே எஞ்சும். ஒரு பிடி பயறும் நான்கு வெறும் போத்தல்களும் இருந்தால், வேறொரு பழக்கத்தை இந்தக் கிழமையே நீங்கள் தொடக்கிவிடலாம்.

ஆயத்தம்

வாயகன்ற ஜாம் போத்தல்கள் நான்கைக் கழுவி எடுங்கள். மூன்று போத்தல்களின் உட்புறச் சுவரோடு ஒட்டியவாறு மையொற்றுத்தாளையோ தடித்த வெள்ளைத் துணியையோ சுற்றி வையுங்கள். அது சரியாதிருக்க நடுவில் உலர்ந்த மணலை நிரப்புங்கள். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில், வெளியே தெரியும்படி, போத்தலுக்கு ஐந்து பயறு அல்லது கௌபி வித்துக்களைப் பிள்ளையே வைக்கட்டும். வித்துக்களை முன்கூட்டி ஊறவைக்க வேண்டாம். ஊறவைத்தால் வரண்ட போத்தலுக்குரிய வித்தும் நீரைப் பெற்றுவிடும்.

முதலாம் போத்தலின் மணலை நனைத்து வெளிச்சமான இடத்தில் வையுங்கள். இரண்டாம் போத்தலுக்கு நீர் விடவேண்டாம். அதையும் வெளிச்சத்திலேயே வையுங்கள். மூன்றாம் போத்தலை முதலாவதைப் போலவே நனைத்து, இருண்ட அலுமாரிக்குள் வையுங்கள். நான்காவதில் தாளும் மணலும் வேண்டாம். ஐந்து வித்துக்களைப் போட்டுக் கழுத்துவரை நீர் நிரப்புங்கள். நுளம்பு முட்டையிடாதவாறு அதன் வாயைத் துணியால் கட்டி, ஒரு கிழமைக்குள் நீரை ஊற்றிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: சமையலறைப் பயறையே பாவியுங்கள். விதைப்பதற்கென விற்கப்படும் வித்துக்களில் மருந்து பூசப்பட்டிருக்கலாம். மூக்கிலோ காதிலோ வித்தைச் செருகும் வயதுப் பிள்ளைகளை விட்டு அகலாதீர்கள்.

முதலில் ஊகம், பின்னர் பார்வை

போத்தல்களை வைத்தவுடன் பிள்ளையிடம் கேளுங்கள்: "எது முளைக்கும்? எது முளைக்காது?" சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். பிழையென்று திருத்த வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள், "இருட்டில் இருக்கிறது முளைக்காது" என்றே சொல்வார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படியே எண்ணியிருக்கிறார்கள்.

இரண்டு மூன்று நாட்களில் வித்து பருத்து, தோல் வெடித்து, வெண்ணிற வேர் எட்டிப் பார்க்கும். அடுத்துத் தண்டு வளைந்தெழுந்து இரு வித்திலைகளையும் மேலே தூக்கும். ஒவ்வொரு நாளும் முளையின் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டிக் கடுதாசியில் வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். எண் தெரியாத பிள்ளைக்கும் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

ஒரு கிழமை சென்றதும் அலுமாரியைத் திறவுங்கள். பிள்ளை வியப்படையும். இருட்டிலிருந்த வித்தும் முளைத்திருக்கும்; வெளிச்சத்தில் நின்றதைவிட நெடிதாகவும் வளர்ந்திருக்கும். ஆனால் தண்டு மெலிந்து, இலை மஞ்சளாய் இருக்கும். பயறு முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டியதில்லை. வித்திலைகளில் சேமித்த உணவே அதற்குப் போதும். அச்சேமிப்புத் தீர்ந்த பின் உணவைத் தானே ஆக்குவதற்குத்தான் பச்சையமும் வெளிச்சமும் வேண்டும். மண்ணில்லாமலே முளை வளர்ந்ததற்கும் சுருங்கிப்போன அவ்வித்திலைகளே சாட்சி.

நீரில் அமிழ்ந்தவை சற்று முளை காட்டினாலும் தொடர்ந்து வளரமாட்டா, அழுகி நாறும். வித்தும் சுவாசிக்கிறது, அதற்கு ஒட்சிசன் வேண்டும் என்பதை அந்த நாற்றம் மறக்கவிடாது.

வரண்ட போத்தலில் மாற்றம் எதுவும் இராது. "செத்துப் போச்சுதா?" என்று பிள்ளை கேட்கும். பதில் சொல்லாமல் நீரை விடச் சொல்லுங்கள். சில நாட்களில் அவையும் முளைக்கும்.

வேருக்கு வழி காட்டுபவர் யார்?

முதலாம் போத்தலைப் பக்கவாட்டில் கிடத்தி வையுங்கள். ஓரிரு நாட்களில் வேர்நுனி கீழ்நோக்கியும் தண்டு மேல்நோக்கியும் வளைந்திருக்கும். இங்கிலாந்தின் தோமஸ் அன்ட்ரூ நைற் என்பவர் 1806 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நீரோட்டத்தால் சுழலும் சில்லில் வித்துக்களைக் கட்டி முளைக்க வைத்தார். வேர்கள் சில்லின் வெளிப்புறமாகவும் தண்டுகள் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. வேரைக் கீழே இழுத்துச் செல்வது புவியீர்ப்பே என்பதற்கு அது சான்றாயிற்று. உங்கள் ஜாம் போத்தலும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது.

பின்னர் போத்தலை நிமிர்த்தி யன்னலோரம் வையுங்கள். முளை வெளிச்சத்தின் பக்கம் சாயும். சாள்ஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் முளைகளின் நுனியை மூடிப் பார்த்து, வெளிச்சத்தை உணர்வது நுனியே என்று 1880 இல் எழுதினர்.

ஆசிரியருக்கு ஒரு சொல்

சில வேளை எதிர்பார்த்தபடி நடவாது. நல்ல போத்தலில் இரண்டு வித்துப் பழுதாகலாம், பூஞ்சணம் பிடிக்கலாம். அப்போது பிள்ளை காணாதவாறு வித்தை மாற்றிவைக்க வேண்டாம். கண்டதைக் கண்டபடி எழுதச் சொல்லுங்கள். "ஐந்தில் மூன்றுதான் முளைத்தது" என்று உண்மையை எழுதும் பிள்ளை, புத்தக வசனத்தை அழகாகப் பார்த்தெழுதும் பிள்ளையிலும் அதிகம் கற்றிருக்கிறது.

நான்கு போத்தல்களுக்கும் இடையே ஒரேயொரு வேறுபாடு இருந்தால்தான் காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியும். நான்காம் போத்தலில் தாளும் மணலும் இல்லையே, நீரும் கூடுதலே என்று பிள்ளை தடை சொல்லுமானால் மகிழுங்கள். மணலும் தாளும் வைத்து, முழுவதும் நீர் நிரப்பி, ஐந்தாவது போத்தலொன்றை அப்பிள்ளையிடமே கொடுங்கள்.

ஈற்றில், தேறிய முளைகளை முற்றத்திலோ ஓட்டையிட்ட பழைய வாளியிலோ நடுங்கள். ஏறக்குறைய இரண்டு மாதங்களில் காய் முற்றும். அதைப் பிள்ளையே உடைத்து உள்ளிருக்கும் வித்துக்களை எண்ணட்டும். பிறகு, "வித்து முளைக்க என்ன தேவை?" என்று கேளுங்கள். "எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கும் அப்போது பதில் இருக்கும்.