காசு கொடுத்து எழுதுவிக்கும் சுயவிபரக் கோவை: யாரிடம் கொடுப்பது? எதைக் கேட்பது?



சாதாரண தரம், உயர்தரம் முடித்த பிள்ளைகள் வேலை தேடிப் போகும் இடமெல்லாம் முதலில் கேட்கப்படுவது சுயவிபரக் கோவை. நம் லயத்தில் அதை 'பயோடேட்டா' என்போம். முன்பெல்லாம் ஆபிஸ் கிளாக்கர் ஐயாவோ, பள்ளிக்கூட மாஸ்டரோ, டவுனில் டைப் அடிக்கும் கடைக்காரரோ எழுதித் தருவார். இப்போது கைத்தொலைபேசியைத் திறந்தால் போதும். "ஒரே நாள்ல எழுதித் தாறோம், வேலை நிச்சயம், காச மட்டும் அனுப்புங்க" என்று வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் அழைக்கிறார்கள். இவர்களில் ஒழுங்காகத் தொழில் செய்வோரும் உண்டு, ஏமாற்றுவோரும் உண்டு. இரண்டையும் பிரித்தறியும் வழியை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

துண்டும் பயோடேட்டாவும்

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக நம் பாட்டன்மாருக்கு 'துண்டு' வேண்டியிருந்தது. "இந்த ஆள் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, கட்டினால் விடுவோம்" என்று துரை எழுதிக் கொடுக்கும் தாள் அது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதில் ஆளின் திறமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடன் கணக்கு மட்டுமே இருந்தது. எழுதியவர் வேறொருவர், சுமந்தவர் நம்மவர்.

பயோடேட்டா அப்படியானதல்ல. நம்மைப் பற்றி நாமே சொல்லும் தாள் அது. எழுதும் கையை வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் சொல்லப்படும் விஷயம் நம்முடையதாக இருக்க வேண்டும்.

காசு கொடுக்கும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை

1. பெயர். பிறப்புச் சான்றிதழில் 'செல்லம்மா', அடையாள அட்டையில் 'செல்லாயி', பள்ளிக்கூடச் சான்றிதழில் இன்னொரு எழுத்து. இது நம்மவர் பலருக்கும் உள்ள தொல்லை. எந்த எழுத்தாளரும் இதைத் தீர்த்துத் தர முடியாது. எல்லாப் பத்திரங்களையும் பாயில் பரப்பி வைத்து, பெயரின் எழுத்தை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் திருத்தும் வழியைக் கேளுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளுக்கு உரியவை என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வைப்பதும் வழக்கம்.

2. பிறந்த திகதி. 12 இலக்க அடையாள அட்டையில் முதல் 4 இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த மகளுக்கு 532 என்று வரும். ஆகவே பயோடேட்டாவில் திகதியைப் பிழையாக எழுதினால், அட்டை இலக்கமே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

3. விலாசம். 'கரைத்தீவு' என்று மட்டும் எழுதினால் எந்தக் கரைத்தீவு? சுவாமி விபுலாநந்தர் பிறந்த கரைத்தீவு அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், வண்ணாத்திவில்லு பக்கத்தில் இன்னொரு கரைத்தீவு இருக்கிறது. நேர்முகக் கடிதம் தீவின் மறுகரைக்குப் போய்விட்டால் யாரை நோவது? நம் தோட்டங்களும் அப்படித்தான். ஊர் வழங்கும் பெயர் ஒன்று, ஆங்கிலப் பெயர் ஒன்று, மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு வேறு. தோட்டம், பிரிவு, தபாலகம், மாவட்டம் நான்கையும் எழுதுங்கள். ஆபிஸ் வழியாகக் கடிதம் சுற்றி வரும் தோட்டமானால், கட்டாயம் தொலைபேசி இலக்கமும் வேண்டும்.

4. பிரதிகள். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். உடுத்த துணியோடு வந்தவர்களுக்கு, படித்த படிப்புக்குச் சான்று காட்டுவதே பெரும்பாடாயிற்று. மண்சரிவும் தீயும் நம் லயங்களுக்கும் புதிதல்ல. மூலப் பத்திரங்களை ஒரு பொலித்தீன் உறையிலும், பிரதிகளை உறவினர் வீட்டிலும் வையுங்கள்.

நம் வேலைக்கு எழுத்தில் என்ன பெயர்?

"எனக்கு என்னா அனுபவம் இருக்கு, ஸ்டோர்லதானே நின்டேன்" என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்கிறோம். தேயிலை ஸ்டோரில் வாட்டுதல், ரோலிங், நொதிக்க விடுதல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் என்று ஒவ்வொன்றும் தனித்தொழில். எந்தப் பகுதியில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த இயந்திரத்தில் என்று எழுதினால் அது அனுபவம். பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்த்தது முன்பள்ளி வேலைக்கு உதவும். கவ்வாத்து, நாற்றுமேடை வேலைகள் பண்ணை வேலைக்கு உதவும்.

இந்த விபரம் எதுவும் கேட்காமல் எழுதுபவர், யாருக்கோ எழுதியதில் உங்கள் பெயரை மட்டும் மாற்றுகிறார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

எழுதுபவரிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. இதற்கு முன் எழுதியதில், பெயரை மறைத்து ஒரு மாதிரி காட்டுவீர்களா?

2. மொத்தக் காசு எவ்வளவு? தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனியா?

3. பிழை இருந்தால் எத்தனை முறை இலவசமாகத் திருத்துவீர்கள்?

4. நாமே பிறகு திருத்தக்கூடிய 'வேர்ட்' கோப்பையும் தருவீர்களா? படமாக மட்டும் தந்தால், ஒரு தொலைபேசி இலக்கம் மாற்றவும் மறுபடி காசு கட்ட வேண்டிவரும்.

5. காசில் பாதியை வேலை முடிந்த பிறகு கொடுக்கலாமா? பற்றுச்சீட்டு உண்டா?

6. எங்கள் விபரங்களை வேறு யாருக்கும் கொடுப்பீர்களா? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

நேராகப் பதில் சொல்பவரிடம் போங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் தம்பி" என்பவரை விட்டுவிடுங்கள்.

கொடுக்கக் கூடாதவை

பயோடேட்டா எழுத வங்கி அட்டை இலக்கம் தேவையில்லை. உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கம் ஒருபோதும் தேவையில்லை. அடையாள அட்டையின் இரு பக்கப் படமும், கடவுச்சீட்டின் மூலமும் தேவையில்லை. கேட்டால் அவர் நோக்கம் வேறு.

இன்னொன்று, இல்லாத படிப்பையும் செய்யாத வேலையையும் சேர்க்க விடாதீர்கள். "இங்கிலிஸ் நல்லா பேசுவார்" என்று அவர் எழுதிவிட்டுப் போய்விடுவார். நேர்முகத்தில் இங்கிலிஸில் கேள்வி வரும்போது வியர்ப்பது உங்கள் பிள்ளைக்குத்தான். ஆங்கிலத்தில் எழுதித் தந்தால், ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டே காசைக் கொடுங்கள்.

வெளிநாட்டு வேலை என்றால்

பயோடேட்டா எழுதுபவரே "சவூதியில வேலையும் எடுத்துத் தாறேன்" என்றால் கதை மாறுகிறது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதன் இலக்கத்தைக் கேளுங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பணியகத்திடமே விசாரியுங்கள். அது வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

காசில்லாத வழிகள்

மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களில் இருக்கிறார்கள். தொழில் வழிகாட்டலும் வேலை தேடுவோர் பதிவும் அவர்களின் கடமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'யூரோபாஸ்' இணையத்தளத்தில் ஆங்கிலப் பயோடேட்டாவை இலவசமாகத் தயாரிக்கலாம். படிப்புச் சான்றிதழ் இல்லாத, கைத்தொழில் தெரிந்தவர்களின் அனுபவத்தைச் சோதித்து தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. வெல்டிங், மேசன், சமையல் தெரிந்த அண்ணன்மார் இதைப் பற்றி நைட்டா அலுவலகத்தில் விசாரிக்கலாம். அலங்காரமான பத்துப் பக்கத்தை விட அந்த ஒரு சான்றிதழுக்குப் பெறுமதி அதிகம்.

பயிற்சி

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையும் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு கொப்பித் தாளில் எழுதிப் பாருங்கள்:

அ. அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், முழு விலாசம்.
ஆ. படித்த பள்ளிக்கூடம், ஆண்டு, பெறுபேறு.
இ. செய்த வேலைகள், ஆண்டுக் கணக்கோடு.
ஈ. தெரிந்த மொழிகள். பேச, வாசிக்க, எழுத எந்த அளவு தெரியும்?
உ. உறவினர் அல்லாத, நம்மை அறிந்த இருவர். அவர்களிடம் முதலில் சம்மதம் கேட்க வேண்டும்.

இந்தத் தாள் தயாரானால் பயோடேட்டாவில் முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது. மீதமுள்ள டைப் வேலைக்குத்தான் காசு. அந்தக் காசு கொழுந்துக் கூடை சுமந்து வந்தது என்பதை நினைத்து, கேள்வி கேட்டே கொடுங்கள்.