பல்லை எண்ணிப் பார்ப்போம்: செயின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு திருப்புத்திறன் பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'இயக்க விதிகள்' பாடத்தில், விசையின் திருப்புத்திறன் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று சொல்லும் இடத்தில் பற்சக்கரமும் சில வரிகளில் வருகிறது. சக்கரம் சுழலும் வேகத்தை மாற்றுகிறது, திறனைக் கடத்துகிறது. அவ்வளவுதான். வாசித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். பம்மலில் அப்படிப் போக மாணவர்கள் விடுவதில்லை. பலருக்கு வீட்டில் ஒரு பைக், தெருமுனையில் ஒரு மெக்கானிக் கடை, கைப்பேசியில் நிறைய வீலிங் வீடியோ. பற்சக்கரம் என்றதும் ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், எங்க அண்ணன் வண்டியில பின்னாடி 52 பல் ஸ்ப்ராக்கெட் மாத்தப் போறான். பிக்கப் செமையா இருக்குமாம். நிஜமா சார்?"

நிஜம்தான் என்றேன். அந்தப் பிக்கப் எதைக் கொடுத்து வாங்கப்படுகிறது என்பதைக் கணக்கிட இரண்டு பாடவேளைகளை ஒதுக்கினோம். பத்தாம் வகுப்பு எடுக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பைக்கைத் தொடவில்லை. பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி ஒன்றை எடுத்துக்கொண்டோம். பெடல் பக்கம் 44 பல், பின்சக்கரத்தில் 18 பல் என்று எண்ணினார்கள். ஒரு பல்லில் சாக்பீஸ் குறி வைத்து எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை தவறாது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 44 ÷ 18, அதாவது ஏறத்தாழ 2.44 சுற்று. வண்டியைத் திருப்பிப் போட்டுக் கையால் சுற்றிச் சரிபார்த்தார்கள்.

அடுத்து மெக்கானிக் கடையில் கேட்டு வாங்கிய தேய்ந்த ஸ்ப்ராக்கெட் ஜோடியை மேசையில் வைத்தேன். செயின் கிட் மாற்றும்போது பழையது இரும்புக்குத்தான் போகிறது; கேட்டால் தருவார்கள். இங்கே சின்னது முன்னால், பெரியது பின்னால். மிதிவண்டிக்கு நேர்மாறு. ஏன் என்ற கேள்வியை நான் கேட்பதற்கு முன் ஒரு மாணவி கேட்டுவிட்டாள். கால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே மூச்சு வாங்கும். எனவே மிதிவண்டியில் சுழற்சியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. எஞ்சினோ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதன் திருப்புத்திறன் குறைவு. அங்கே சுழற்சியைக் குறைத்துத் திருப்புத்திறனைக் கூட்ட வேண்டும். பாடநூல் வரிகளின் பொருள் இந்த இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் வகுப்புக்குப் பிடிபட்டது.

கணக்குக்கு கேடிஎம் டியூக் 200 வண்டியை எடுத்துக்கொண்டோம். மாணவர்கள் கேட்டது அது. கம்பெனி பொருத்தித் தருவது முன்னால் 14 பல், பின்னால் 43 பல். 43 ÷ 14 = 3.07. கியர்பாக்ஸிலிருந்து வரும் சின்ன ஸ்ப்ராக்கெட் 3.07 சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. பின் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணிலிருந்து விட்டத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 61 செ.மீ.; சுற்றளவு 1.92 மீட்டர். அப்படியானால் சின்ன ஸ்ப்ராக்கெட்டின் ஒரு சுற்றுக்கு வண்டி நகர்வது சுமார் 63 செ.மீ.

பின்னால் 52 பல் போட்டால் அந்த 63 செ.மீ. 52 செ.மீ. ஆகிறது. திருப்புத்திறன் 52 ÷ 43 மடங்கு, அதாவது 21 விழுக்காடு கூடுகிறது. அண்ணன் சொன்ன பிக்கப் இதுதான். மறுபக்கம்: கம்பெனி பற்களோடு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டால், இப்போது அதே 60க்கு ஏறத்தாழ 6,050 சுற்று. அதே 5,000 சுற்றில் வேகம் 50ஐக்கூடத் தொடாது. எஞ்சின் புதிதாக எதையும் உற்பத்தி செய்யவில்லை. விசையில் கூடியது வேகத்தில் குறைந்துவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வரை போய்வருகிறவருக்கு இது வழி நெடுக இரைச்சலும் பெட்ரோல் செலவும்தான்.

முன்னால் ஒரு பல்லைக் குறைத்தால் என்ன என்றும் பார்க்கச் சொன்னேன். 43 ÷ 13 = 3.31. இதே விகிதம் 14 பல்லோடு வேண்டுமென்றால் பின்னால் 46 பல் வேண்டும். முன்னால் ஒரு பல் பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். செலவு குறைவு என்பதால் பலர் முன்னால் உள்ளதை மாற்றுகிறார்கள். ஆனால் பல் குறையக் குறைய செயின் சிறிய வளைவில் கூடுதலாக மடங்கித் திரும்ப வேண்டும்; தேய்மானம் கூடும்.

பல் எண்ணிக்கையை இடத்துக்கேற்ப மாற்றுவது நம் ஊருக்குப் புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் வழியில் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. சுற்றுப்பாதை வந்தது. நீண்ட நேர்ப்பாதை உள்ள களத்துக்குப் பின்னால் பல் குறைவாகவும், வளைவுகள் மிகுந்த களத்துக்குப் பல் கூடுதலாகவும் போடுவது பந்தயக்காரர்களின் பொது வழக்கம். களம் மாறினால் ஸ்ப்ராக்கெட்டும் மாறும்.

ஸ்டண்ட் ஓட்டுபவர்கள் இன்னும் தூரம் போகிறார்கள். பின்னால் 60 பல் வரை போடுவார்கள். வகுப்பை அதிகம் வியக்க வைத்தது இந்த இடம்தான். வீடியோவில் வேகம்போல் தெரிவது உண்மையில் மெதுவாக நடப்பது. முதல் கியரில் 50 கி.மீ. வரை போகும் வண்டி, 60 பல் போட்டால் அதே கியரில் 36 கி.மீ.யோடு நின்றுவிடும். அவர்களுக்கு வேண்டியதும் அதுவே. ஆள் நடக்கும் வேகத்தில் முன்சக்கரத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரைச் சற்றே திருப்பினாலும் வண்டி உடனே கேட்க வேண்டும். அதோடு பின் பிரேக்கைக் கையால் பிடிக்கத் தனி லீவர், விழுந்தால் தாங்கக் கம்பிக்கூண்டு, பின் டயரில் குறைத்த காற்று, யாரும் குறுக்கே வராத மூடிய மைதானம். இத்தனையும் சேர்ந்ததுதான் ஸ்டண்ட் வண்டி. அதிலிருந்து ஸ்ப்ராக்கெட்டை மட்டும் எடுத்துப் பம்மல் மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? இங்கேதான் திருப்புத்திறனைக் கரும்பலகையில் எழுதினோம்.

வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கி.கி. என்று வைத்துக்கொண்டோம், எடை 2,000 நியூட்டன். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்திலும், பின் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு 65 செ.மீ. முன்னாலும் இருக்கட்டும். பின் டயருக்குத் தரை தரும் முன்னோக்கிய விசை, ஈர்ப்பு மையத்தைச் சுற்றி வண்டியின் மூக்கை மேலே திருப்புகிறது. முன்சக்கரம் தூக்கும் நொடியில் முழு எடையையும் தாங்கும் பின் டயரின் மேல்நோக்கிய எதிர்விசை, மூக்கைக் கீழே திருப்புகிறது. விசை × 0.65 = 2,000 × 0.65. ஆகவே 2,000 நியூட்டனைத் தாண்டினால் முன்சக்கரம் எழும்.

முதல் கியரில் கம்பெனி பற்களோடு அதிகபட்ச விசை 1,700 நியூட்டன் என்று கொள்வோம். எவ்வளவு முறுக்கினாலும் தானாக எழாது. 52 பல் போட்டால் 1,700 × 1.21 = 2,057. சிக்னலில் பச்சை விழுந்ததும் பழைய பழக்கத்தில் முறுக்கினாலே எழும். ஓட்டுபவர் வீலிங் செய்ய நினைத்திருக்கவே வேண்டாம்.

"பின்னாடி ஆள் உக்காந்தா வெயிட் கூடும், தூக்காது சார்" என்றான் ஒருவன். வகுப்பில் பாதிப்பேர் அவன் கட்சி. கணக்கிடச் சொன்னேன். பின்னால் உட்காருபவர் 50 கி.கி.; அவருடைய ஈர்ப்பு மையம் பின் டயர் தரை தொடும் இடத்துக்கு 10 செ.மீ. முன்னால், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில். சேர்ந்த ஈர்ப்பு மையம் பின்னோக்கி 54 செ.மீ.க்கு வருகிறது, உயரம் 72 செ.மீ. ஆகிறது. தேவையான விசை 2,500 × 0.54 ÷ 0.72 = 1,875 நியூட்டன். எடை கூடியும் தூக்கத் தேவையான விசை குறைந்துவிட்டது! மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்கள். தம்பியையோ தங்கையையோ பின்னால் உட்காரவைத்துப் போகும்போதுதான் அந்த 52 பல் இன்னும் எளிதாகத் தூக்கும். இதற்குப் பிறகு நான் அறிவுரை எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

செயினில் ஒரு சிறு கணக்கு ஒளிந்திருக்கிறது. கணித ஆசிரியருக்குப் பிடிக்கும். செயினில் உள்கண்ணி, வெளிக்கண்ணி என்று மாறி மாறி வருவதால் மொத்தக் கண்ணிகள் பொதுவாக இரட்டை எண்ணாகவே இருக்கும். ஸ்ப்ராக்கெட்டும் இரட்டை எண் என்றால் ஒரு குறிப்பிட்ட பல் எப்போதும் ஒரே வகைக் கண்ணியைத்தான் சந்திக்கும். 43 போல ஒற்றை எண் என்றால் மாறி மாறிச் சந்தித்து, தேய்மானம் பரவும். பின்னால் ஒன்பது பல் கூடினால் செயின் நாலரைக் கண்ணி அளவு நீளம் கேட்கும். அரைக் கண்ணி கிடையாது என்பதால் சக்கரத்தை முன்பின் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். வேகமானியின் உணரி கியர்பாக்ஸில் உள்ள வண்டிகளில் மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். முன்சக்கரத்தில் உள்ளவற்றில் மாறாது.

சட்டத்தையும் ஐந்து நிமிடம் பேசினோம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டியவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த யூடியூபரை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யப்பட்டது பலருக்குத் தெரியவில்லை.

சாலைக்கு எது சரி என்று கேட்டார்கள். என் கணிப்பில் கம்பெனி எண்ணே போதும். தினமும் பாரம் ஏற்றுபவர் பின்னால் ஒன்றிரண்டு பல் கூட்டினால் பிழையில்லை; 45 பல் என்றால் மாற்றம் ஐந்து விழுக்காட்டுக்குள்தான். கியரே மாற்ற முடியாத டி.வி.எஸ். எக்ஸ்.எல். தண்ணீர் கேனோடு ஏறுவதும், ஆள் மட்டும் போகும்போது ஓடுவதும் ஒரே விகிதத்தில்தான். அந்த ஒரு எண்ணுக்குள் எத்தனை சமரசம் இருக்கும் என்று யோசிக்கச் சொன்னேன்.

முதல் நாள் எழுந்த அதே மாணவன் கடைசியில் வேறு பக்கமாகக் கேட்டான். "அப்போ பின்னாடி 41 போட்டா மைலேஜ் கூடுமா சார்?" 41 ÷ 43 என்று எழுதி, 5,000 சுற்று எவ்வளவாகக் குறைகிறது என்று கண்டுபிடித்தான்: சுமார் 4,770. பல்லாவரத்திலிருந்து அனகாபுத்தூர் வரை இரண்டு பேரோடு நின்று நின்று போகும்போது எத்தனை முறை கியரைக் குறைக்க வேண்டியிருக்கும், அந்த மிச்சம் அங்கே மிஞ்சுமா என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறேன். தான் ஓட்டக்கூடாது, அண்ணனிடம் கேட்டு எழுத வேண்டும் என்பது நிபந்தனை.