கர்னல் விழிக்கும்போதே அழைப்புகளைத் திருத்துவது எப்படி?

லினக்ஸ் கர்னல் தன் நிரலின் பைட்டுகளைத் தானே மாற்றி எழுதிக்கொள்ளும். 2022 ஜூலையில் ரெட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானபின் இந்த வேலை பெருகியது. இன்டெலின் ஸ்கைலேக் வகைப் புரோசசர்கள் திரும்பும் முகவரிகளை 16 இடங்கள் கொண்ட அடுக்கில் வைத்து ஊகிக்கின்றன. அடுக்கு காலியானால் ஊகம் பிசகி, தாக்குபவருக்கு வழி திறக்கும். அதைத் தடுக்க, 2023 பெப்ரவரியில் வந்த 6.2 பதிப்பு பங்ஷன் அழைப்புகளின் ஆழத்தை எண்ணி, அடுக்கு காலியாகுமுன் நிரப்பும் வசதியைக் கொண்டுவந்தது. எண்ணும் நிரல் துண்டு எல்லாக் கணினிக்கும் தேவையில்லை. ஆகவே தேவைப்படும் புரோசசரில் மட்டும், தொடக்க வேளையில், அழைப்புகள் திருத்தப்படுகின்றன.

ஆயத்தம் கர்னலைத் தொகுக்கும்போதே தொடங்குகிறது. அந்தத் துண்டை வைக்க ஒவ்வொரு பங்ஷனுக்கும் முன்னால் 16 பைட் வெற்றிடம் விடவேண்டும். ஒப்ஜ்டூல் கருவி அழைப்பு இடங்களைப் பட்டியலிட்டுத் தரும். பட்டியல் இல்லாமல் நினைவகத்தில் அழைப்பின் முதல் பைட்டான இ8ஐத் தேடித் திருத்துவது வெறும் சூதாட்டம். வேறோர் அறிவுறுத்தலின் நடுவிலும் அதே பைட் இருக்கும்.

திருத்தும் நேரத்தில் ஒரு கோர் மட்டுமே ஓடவேண்டும். மற்றவற்றை எழுப்புமுன், குறுக்கீடுகளையும் மறைக்கமுடியாத குறுக்கீட்டையும் நிறுத்தி வேலையை முடிக்கவேண்டும். வன்பொருள் பழுதை அறிவிக்கும் குறுக்கீட்டை மட்டும் லினக்ஸ் நிறுத்துவதில்லை. அது வந்தால் கணினி ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும். ரெட்போலின் என்ற ஊகத் தடுப்பு முதலான பிற திருத்தங்கள் முடிந்து, அழைப்புகள் நிலைபெற்ற பிறகே இதைத் தொடங்கவேண்டும்.

அழைப்பு 5 பைட் நீளம்: முதலில் இ8, பின்னால் 4 பைட்டில் தூரம். தூரம் கணக்கிடப்படுவது அறிவுறுத்தலின் முடிவிலிருந்து. 1000ஆம் முகவரியிலுள்ள அழைப்பு 1600இலுள்ள பங்ஷனுக்குப் போவதானால் தூரம் 595. பங்ஷனுக்குச் சற்று முன்னால் 10 பைட் துண்டு வைத்தால் இலக்கு 1590, தூரம் 585. அந்த ஐந்தைக் கழிக்க மறந்தால் அழைப்பு துண்டின் நடுவில் போய் விழும்.

எழுதுமுன் அறிவுறுத்தலைப் பிரித்துப் பார்க்கவேண்டும். அது இப்போதும் அழைப்புத்தானா? இலக்கு கர்னலின் நிரல் பகுதிக்குள் இருக்கிறதா? எண்ணும் இடம் தயாராகாத நுழைவு நிரல் போன்றவற்றின் விலக்குப் பட்டியலில் இலக்கு இல்லைத்தானே? வெற்றிடத்தில் எதுவும் செய்யாத அறிவுறுத்தல்கள் மட்டுமே இருக்கின்றனவா? ஒன்று பிசகினாலும் அந்த அழைப்பைத் தொடாமல் விடுவதே சரி. விட்டுப்போன அழைப்பால் எண்ணிக்கை சற்றுப் பிசகும். தவறாக எழுதிய அழைப்பால் கணினியே எழும்பாது.

எழுதும் வரிசையும் முக்கியம். மட்டக்களப்பின் கல்லடியில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதியதைக் கட்டி முடித்து 2013இல் திறந்த பின்னரே வாகனங்களைத் திருப்பியதுபோல, முதலில் வெற்றிடத்தில் துண்டை எழுதி, அதன்பின் அழைப்பை அதன்பக்கம் திருப்பவேண்டும்.

எல்லாக் கோர்களும் விழித்தபின் இந்த நேரடி முறை கூடாது. அப்போது முதல் பைட்டில் நிறுத்தற்பொறியான சிசியை வைத்து, கோர்களை ஒத்திசைத்து, மீதி 4 பைட்டை எழுதி, மறுபடி ஒத்திசைத்து, கடைசியாகவே முதல் பைட்டை மாற்றவேண்டும்.

சோதிக்கும்போது தொடக்கப் பட்டியலில் பழைய கர்னலையும் வைத்திருங்கள். தொடக்க வரியில் ‘ரெட்பிளீட்=ஸ்டஃப்’ எனக் கொடுத்த கணினியில், சிஸ் கோப்பகத்தின் பாதிப்புப் பட்டியலிலுள்ள ரெட்பிளீட் கோப்பு ‘மிட்டிகேஷன்: ஸ்டஃபிங்’ என்று காட்டினால் அந்தத் தடுப்பு நடைமுறையில் இருக்கிறது.